மழைக்கால ட்ரையர்: இருபதாயிரம் போதுமா, அறுபதாயிரம் வேண்டுமா?

சென்னையில் அக்டோபர் பாதியில் தொடங்கி டிசம்பர் கடைசி வரை துணி காய்வதில்லை. மழை பெய்யாத நாளிலும் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. காலையில் கொடியில் போட்ட யூனிபார்ம் இரவிலும் நமத்துப்போய்த் தொங்கும். மறுநாள் இஸ்திரி போட்டு அந்த ஈரத்தை விரட்டிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், மத்தியானத்துக்குள் சட்டையில் மக்கிய வாடை வந்துவிடுகிறது. ஜீன்ஸ், டவல், சாக்ஸ் எல்லாம் இரண்டு மூன்று நாள் ஆகும். மொட்டை மாடியில் கொடி கட்டக்கூடாது என்று சங்கம் சொல்லிவிட்ட அடுக்குமாடிகளில் நிலைமை இன்னும் மோசம்.

அதனால்தான் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ட்ரையர் பேச்சு எழுகிறது. கடைக்குப் போனால் 20,000 ரூபாயை ஒட்டி ஒன்று இருக்கும், 60,000 ரூபாய்க்கு மேல் ஒன்று இருக்கும், நடுவில் துவைத்துக் காயவைத்தும் தரும் மெஷின் ஒன்றும் இருக்கும். எது சிக்கனம் என்பதை விலைச்சீட்டை வைத்துச் சொல்ல முடியாது. வருடத்தில் எத்தனை மாதம் ஓட்டப்போகிறீர்கள்? துணியிலிருந்து வெளியேறும் தண்ணீர் எங்கே போகப்போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் முடிவு எளிது. இரண்டாவது கேள்வியைக் கடையில் யாரும் கேட்பதில்லை. ட்ரையர் வாங்கிய பின் வருகிற தொல்லைகளில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது.

ட்ரையருக்குப் போகும் முன் வாஷிங் மெஷினைப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.63 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் வேண்டும். இது இயற்கை விதி, எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது. ஐந்து கிலோ பருத்தித் துணியை நிமிடத்துக்கு 700 சுற்று வேகத்தில் பிழியும் டாப் லோட் மெஷினிலிருந்து எடுத்தால் அதில் சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீர் மிச்சமிருக்கும். அதே துணியை 1200, 1400 சுற்றில் பிழியும் பிரண்ட் லோட் மெஷினிலிருந்து எடுத்தால் இரண்டரை லிட்டரை ஒட்டி இருக்கும். இந்த ஒரு லிட்டர் வித்தியாசத்துக்காக ட்ரையர் ஒவ்வொரு முறையும் ஒரு யூனிட் வரை அதிகம் தின்னும், அரை மணி நேரம் அதிகம் ஓடும். பிழிவதற்கு ஆகும் மின்சாரம் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆகவே உங்கள் மெஷினில் ஸ்பின் வேகத்தை ஏற்ற முடியுமானால் முதலில் அதைச் செய்யுங்கள். பலர் 800-லேயே வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். டாப் லோட் வைத்திருப்பவர்கள் துவைத்து முடிந்ததும் இன்னொரு முறை ஸ்பின் மட்டும் போடலாம். செமி ஆட்டோமேட்டிக்கின் ஸ்பின் டப் 1300 சுற்றை ஒட்டிச் சுழல்வதால், பழைய மெஷின் என்று அதை இளப்பமாக நினைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாப் லோட் மெஷின்களில் ‘ஏர் டிரை’ என்ற மாதிரி ஒரு பட்டன் இருக்கும். அதில் ஹீட்டர் கிடையாது. டிரம்மை வேகமாகச் சுற்றிக் காற்றை உள்ளே இழுப்பதோடு சரி. துணியில் ஈரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதை ட்ரையர் என்று நம்பி அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

சரி, ட்ரையருக்கு வருவோம்.

விலை குறைந்தது வென்ட் வகை. வெளிக்காற்றை இழுத்து, ஹீட்டரில் சூடாக்கி, சுழலும் துணிக்குள் செலுத்தி, ஈரமான அந்தச் சூடான காற்றைப் பின்பக்கக் குழாய் வழியாக வெளியே தள்ளும். நம் ஊரில் ஐந்தரை கிலோ அளவில் இது கிடைக்கிறது. ஹீட்டர் இரண்டு கிலோவாட்டை ஒட்டி இருக்கும். நன்றாகப் பிழிந்த ஐந்து கிலோ துணி ஒன்றரை மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும், இரண்டரை யூனிட் ஆகும். உள்ளே இருப்பது ஒரு மோட்டார், ஒரு ஹீட்டர், ஒரு பெல்ட், ஒரு ஃபேன். கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை, கெட்டாலும் சரிசெய்வது சுலபம். எடை குறைவு என்பதால் சுவரில் ஸ்டாண்ட் அடித்து மாட்டலாம்.

இதில் எல்லாம் குழாயில்தான் இருக்கிறது. ஒரு தடவை ஓட்டினால் இரண்டரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது என்று பார்த்தோம். குழாய் வீட்டுக்கு வெளியே போகாவிட்டால் அந்த இரண்டரை லிட்டரும் உங்கள் சுவரிலும் மெத்தையிலும் அலமாரியிலும்தான் போய் உட்காரும். வாரம் நான்கு முறை ஓட்டினால் பத்து லிட்டர். படுக்கையறை மூலையில் வென்ட் ட்ரையரை வைத்து ஜன்னலையும் மூடி ஓட்டும் வீடுகளில் ஒரே சீசனில் கூரையோரம் கருப்பாகப் பூஞ்சை பிடிப்பதைப் பார்க்கலாம். மெஷின் மேல் குற்றமில்லை, வைத்த இடம்தான் தவறு. துணி துவைக்கும் சர்வீஸ் பால்கனி திறந்த வெளியாக, கிரில் மட்டும் போட்டதாக இருந்தால் வென்ட் ட்ரையருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சாரல் நேராக அடிக்காத மூலையாகப் பார்த்து வைத்து, நான்கு அங்குலக் குழாயை முடிந்தவரை வளைவில்லாமல் கிரில் பக்கம் நீட்டினால் போதும். குழாயின் வாயில் கொசுவலை கட்டாதீர்கள். துணியிலிருந்து பறக்கும் பஞ்சு அந்த வலையில் படிந்து, சில வாரத்திலேயே காற்று போக வழியில்லாமல் அடைத்துவிடும். காற்று வரும்போது தானே திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் தட்டு வைத்த மூடி ஹார்டுவேர் கடைகளில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு விற்பார்கள், அதைப் போடலாம்.

இரண்டாவது வகை கண்டென்சர். சூடான ஈரக்காற்றை மெஷினுக்குள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கி ஒரு தொட்டியில் சேர்க்கும், அல்லது டிரெய்ன் குழாயில் விடும். வெளியே குழாய் இழுக்க வழியில்லாத வீட்டுக்கு இது ஒத்துவரும். ஆனால் ஹீட்டர் அதே ஹீட்டர்தான், மின்சாரம் வென்ட் வகையை விடக் குறையாது. உள்ளே இருக்கும் காற்றைக் குளிர்விக்க அறைக் காற்றையே பயன்படுத்துவதால், நம் ஊர் வெப்பத்தில் மூடிய சின்ன அறைக்குள் வைத்தால் திணறும். அறையும் அனலாகிவிடும். விலையும் வென்ட் வகையை விட அதிகம். இங்கே வாழும் நமக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இதை வாங்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஹீட் பம்ப் வந்துவிடும்.

ஹீட் பம்ப் ட்ரையர் என்பது ஒரு சின்ன ஏசியை உள்ளே வைத்த மெஷின். கம்ப்ரஸரின் சூடான பக்கம் காற்றைச் சூடாக்கும், குளிர்ந்த பக்கம் அதே காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்கும். ஒருமுறை உண்டாக்கிய வெப்பத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் மின்சாரம் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. ஐந்து கிலோவுக்கு ஒரு யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும், எட்டு கிலோ நிறையப் போட்டாலும் இரண்டு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். டிரம்முக்குள் சூடு 50, 55 டிகிரியை ஒட்டியே இருப்பதால் துணி சுருங்குவதும் சாயம் மங்குவதும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை 1 முதல் அமலான மின்சிக்கன விதிகளைத் தாண்டி வரக்கூடிய வீட்டு ட்ரையர் அநேகமாக இது ஒன்றுதான். ஒரு தடவைக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். எடையும் ஐம்பது கிலோவை ஒட்டி இருக்கும், சுவரில் மாட்ட முடியாது. பிரண்ட் லோட் மெஷின் மேல் அடுக்கலாம், அதற்கான அடுக்குச் சட்டத்துக்குத் தனி விலை. துணியிலிருந்து பறக்கும் பஞ்சைப் பிடிக்கும் பில்டர் தவிர உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளிலும் தூசி படியும், அதையும் அவ்வப்போது பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்ப்ரஸர் போனால் செலவு பெரிது.

அடுக்குமாடிகளில் இதற்கு இன்னொரு நன்மை உண்டு. ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்குள்தான் இழுக்கும் என்பதால், கரண்ட் போனால் ஜெனரேட்டரில் வீட்டுக்கு ஒரு கிலோவாட் என்று கணக்கு வைத்திருக்கும் இடங்களில்கூட, மற்றதை அணைத்துவிட்டு இதை ஓட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. ஹீட்டர் வைத்த ட்ரையருக்கு அந்தப் பேச்சே கிடையாது.

இப்போது ஈபி பில்லுக்கு வருவோம். ட்ரையர் விஷயத்தில் தமிழ்நாட்டுக் கட்டண முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2025-ல் இருந்த கட்டணப்படி, இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டுக்குள் முடித்தால், முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய்தான். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த மலிவுக் கட்டணம் போய்விடும், 101-லிருந்தே 4.70 கணக்காகும். 500-க்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல்.

நவம்பர், டிசம்பரில் ஏசி ஓடாது. மே மாதத்தில் 800 தாண்டும் வீடுகூட அப்போது 450 யூனிட்டில் நிற்கும். அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாரம் நான்கு தடவை வென்ட் ட்ரையர் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட் சேரும், 450 என்பது 540 ஆகும். 1,490 ரூபாய் வர வேண்டிய பில் 2,375 ரூபாயை ஒட்டி வரும். 90 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 890 ரூபாய், அதாவது யூனிட்டுக்குப் பத்து ரூபாய். அதே வீட்டில் ஹீட் பம்ப் இருந்தால் 40 யூனிட்தான் சேரும், 490-ல் கோட்டுக்குள்ளேயே நின்றுவிடும், பில் 250 ரூபாய்தான் ஏறும். ஏற்கெனவே 350-ல் இருக்கும் வீட்டுக்கோ, எப்போதும் 700-க்கு மேல் போகும் வீட்டுக்கோ இந்தக் கோடு ஒரு பொருட்டில்லை. 400-லிருந்து 500-க்குள் இருப்பவர்கள் போன நவம்பர், டிசம்பர் பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

இதைப் படித்ததும் ஹீட் பம்ப்தான் லாபம் என்று தோன்றும். வருடக் கணக்காகப் பார்த்தால் அப்படியில்லை. மழைக்கால மூன்று மாதம், வாரம் நான்கு தடவை என்றால் மொத்தம் ஐம்பது தடவைதான். வென்ட் ட்ரையருக்கு 125 யூனிட், ஹீட் பம்புக்கு 55. கோட்டைத் தாண்டும் மோசமான கணக்கிலேகூட மிச்சம் வருடத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் நிற்கும். விலை வித்தியாசம் 35,000, 40,000 ரூபாய். அந்தப் பணம் திரும்பி வருவதற்குள் மெஷினின் ஆயுள் முடிந்துவிடும்.

வருடம் முழுக்க, அநேகமாகத் தினமும் ஓட்டும் வீட்டில் கணக்கு மாறும். ஐந்து கிலோ வீதம் வருடத்துக்கு 300 தடவை என்றால் 400 யூனிட்டுக்கு மேல் மிச்சம், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று வைத்தாலும் விலை வித்தியாசம் திரும்ப வரப் பத்து வருடம் ஆகும். ஆறேழு பேர் இருக்கும் வீடு, தினமும் எட்டு கிலோ துணி, சின்ன வென்ட் ட்ரையரில் இரண்டு தடவையாகப் போட்டுத்தான் தீர வேண்டும் என்றால் நான்கைந்து வருடத்தில் ஹீட் பம்ப் தன் விலையைக் கொடுத்துவிடும். படுக்கையில் இருக்கும் பெரியவர், கைக்குழந்தை, வீட்டிலேயே நடத்தும் டேகேர் என்று டவலும் விரிப்பும் நிற்காமல் சேரும் வீடுகள் இதில் அடக்கம். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை மாதிரி வருடத்தில் பல மாதம் ஈரத்தில் இருக்கும் ஊர்களுக்கும் ஹீட் பம்பையே சொல்வேன்.

துவைத்துக் காயவைக்கும் மெஷின் இடநெருக்கடி உள்ளவர்களுக்குப் பெரிய ஆசை காட்டும். வாங்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். எட்டு கிலோ என்று எழுதியிருந்தால் அது துவைக்கும் அளவு, காயவைக்கும் அளவு ஐந்து கிலோவை ஒட்டியே இருக்கும். நிறையப் போட்டுத் துவைத்துவிட்டுப் பாதியை வெளியே எடுத்தால்தான் மீதி காயும். இதை மறந்து எல்லாவற்றையும் உள்ளே விட்டால் கசங்கிய, பாதி ஈரமான மூட்டைதான் கிடைக்கும். அடுத்தது தண்ணீர். இந்த மெஷின்களில் பல, ஈரக்காற்றைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துகின்றன. காயவைப்பதற்கும் தண்ணீர் செலவாகும். லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்குமாடியில் இது சின்ன விஷயமில்லை. காற்றாலேயே குளிர்விக்கும் மாடல்களும் இருக்கின்றன, கேட்டு வாங்க வேண்டும். துவைத்துக் காய்ந்து வெளியே வர ஐந்தாறு மணி நேரம் ஆவதும் சகஜம், அதுவரை அடுத்த துணியைப் போட முடியாது. ஒன்று கெட்டால் இரண்டும் நிற்கும். தனியாக இருப்பவர், கணவன் மனைவி இருவர் மட்டும், இன்னொரு பெட்டி வைக்க அடி இடமில்லை என்றால் வாங்கலாம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ட்ரையரே வேண்டாம் என்று முடிவெடுக்கவும் இடமுண்டு. பருத்திப் புடவை, ரேயான் குர்த்தி, ஸ்டார்ச் போட்ட வேட்டி என்று டிரம்மில் போட முடியாத துணிதான் அதிகம் என்றால் ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபயர் நல்ல வழி. 250, 300 வாட்தான் இழுக்கும். ஒரு சின்ன அறையில் ஸ்டாண்டில் துணியைப் பரத்தி, கதவு ஜன்னலை மூடி, கூடவே டேபிள் ஃபேனைச் சுழலவிட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். இரவு முழுக்க ஓடினால் இரண்டு யூனிட்டைத் தாண்டும், வென்ட் ட்ரையரோடு ஒப்பிட்டால் பெரிய மிச்சமில்லை. ஆனால் பட்டுப் புடவை அலமாரி, லெதர் செருப்பு, புத்தகம் எல்லாவற்றையும் மழைக்காலத்தில் பூஞ்சையிலிருந்து அதே மெஷின் காப்பாற்றும். துணிப்பை மாதிரிக் கூடாரத்துக்குள் சூடான காற்றை ஊதும் சாதனங்கள் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு இணையத்தில் விற்கின்றன. அவற்றின் ஈரமும் அறைக்குள்ளேயேதான் நிற்கும், ஒரு தடவைக்குக் கொஞ்சம் துணிதான் காயும், சூடான ஹீட்டருக்கு மேலேயே துணி தொங்குகிறது. அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து வேறு ஏதாவது வாங்குங்கள்.

எந்த ட்ரையராக இருந்தாலும் பஞ்சு பில்டரை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் புது டவலைப் போட்ட முதல் நாள், பில்டரைத் திறந்தால் டவலின் நிறத்திலேயே ஒரு மெத்தென்ற படலம், விரலால் சுருட்டினால் முழுசாக உரிந்து வந்தது. அது அடைத்தால் காற்றோட்டம் குறையும், ஹீட்டர் பக்கம் சூடு ஏறும். பஞ்சு எளிதில் தீப்பிடிக்கும் பொருள். ட்ரையர் தீ விபத்துகளுக்கு இது முக்கியமான காரணம்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கையும் உண்டு, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தலை துவட்டிய துண்டை ட்ரையரில் போடாதீர்கள். தீபாவளி மழைக்காலத்தில்தான் வருகிறது, நல்லெண்ணெய் ஊறிய துண்டுகள் அன்றைக்கு வீடு நிறைய இருக்கும். துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போவதில்லை. மிச்சமிருக்கும் எண்ணெய் சூட்டில் காற்றோடு வினைபுரிந்து தானே இன்னும் சூடாகும். காய்ந்த துணியைச் சூடாகக் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கவும் கூடும். ட்ரையர்களோடு வரும் கையேடுகளில் சமையல் எண்ணெய் படிந்த துணியைப் போடக்கூடாது என்று எச்சரிப்பது இதனால்தான். அடுப்படித் துணிக்கும் இதே விதி. நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறந்து துணியை உடனே எடுத்து விரித்துப் போடுங்கள், சூடான மூட்டையாக உள்ளேயே விட வேண்டாம்.

வென்ட், கண்டென்சர் இரண்டுக்கும் 16 ஆம்ப் பவர் பிளக் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகக்கூடாது. பழைய வீடானால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயின்ட்டுக்கு வரும் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். கீசர் ஓடும் நேரத்தில் ட்ரையரைப் போடாமல் இருப்பது எளிய வழி.

ஆகவே, சென்னையிலோ கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ, மழைக்காலத் தொல்லைக்காக மட்டும் வாங்குகிற நான்கு பேர் குடும்பம், வெளிக்காற்று வரும் பால்கனி உண்டு என்றால், ஐந்தரை கிலோ வென்ட் ட்ரையரை வாங்கலாம், அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. முழுக்கக் கண்ணாடி போட்டு மூடிய வீடு, குழாய் விட வழியே இல்லை என்றால் ஹீட் பம்ப், அல்லது டிஹியூமிடிஃபயர். ஈரத்தை அறிந்து தானே நிற்கும் சென்ஸார் உள்ள மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். டைமர் மட்டும் உள்ளதென்றால், லேசாக ஈரம் இருக்கும்போதே நிறுத்தி எடுத்து ஃபேன் காற்றில் பத்து நிமிடம் போடுங்கள், மின்சாரமும் மிஞ்சும், துணியும் மொடமொடவென்று ஆகாது.

ஆடித் தள்ளுபடியில் வாங்குவது நல்லது. நவம்பர் மழையில் எல்லோரும் கேட்கும்போது கடையில் ஸ்டாக்கும் இருக்காது, பேரம் பேசவும் வழியிருக்காது. பில் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: குழாயும் ஸ்டாண்டும் விலையில் சேர்ந்ததா, மாட்டித்தர வருபவர் சுவரில் துளை போட்டுத் தருவாரா, உங்கள் ஊரில் ட்ரையருக்கு சர்வீஸ் ஆள் இருக்கிறாரா. வாஷிங் மெஷினுக்கு ஆள் இருக்கிறார் என்பதால் ட்ரையருக்கும் இருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சின்ன ஊர்களில் இந்த மூன்றாவது கேள்வியின் பதிலை வைத்தே எந்தக் கம்பெனி என்பதை முடிவு செய்துவிடலாம்.